மாடியில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை!

கேள்வி: கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கரும்புகை வருவதில்லை. அதையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று சொல்லலாமா? நீர்மின்சாரம் எதில் சேரும்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: புகையை வைத்து முடிவு செய்வதில்லை. எடுக்க எடுக்க இயற்கை திரும்ப நிரப்புகிறதா என்பதே கேள்வி. யுரேனியம் நிலக்கரிபோலத் தோண்டி எடுப்பது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் அணுமின்சாரம் சேராது. சாண எரிவாயு சேரும். வெட்டிய அளவுக்கு மரம் வளர்த்தால், கண்ணைக் கரிக்கும் விறகுகூடச் சேரும்! நீர்மின்சாரத்தில் 25 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை மட்டுமே மத்திய அரசு இந்தக் கணக்கில் வைத்திருந்தது. 2019 மார்ச்சில் பெரிய நிலையங்களையும் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய, பிந்தைய புள்ளிவிவரங்களை ஒப்பிடும்போது இதை மறந்தால், திடீர் வளர்ச்சிபோலத் தெரியும்.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் கரண்ட் போனாலும் சோலாரும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் கோளாறா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கோளாறு இல்லை. உங்களுடையது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். மின்வாரிய லைனில் வரும் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் பிடித்துக்கொண்டுதான் அது ஓடும். லைன் போனதும் அது அணைந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை பார்ப்பவரின் உயிரைப் பறிக்கும்.

கரண்ட் இல்லாதபோதும் வேண்டுமென்றால், லைன், பேட்டரி இரண்டிலும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி வயரிங் பிரித்து பேக்கப்பில் கொடுங்கள். தண்ணீர் மோட்டாரை அதில் சேர்க்காதீர்கள். ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு கரண்டை இழுத்து இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கிவிடும்.

கரண்ட் இருக்கும்போதே மதியத்தில் சோலார் விட்டுவிட்டு ஓடினால் அது வேறு பிரச்சினை. லைன் வோல்டேஜ் அளவு மீறினாலும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். இன்வெர்ட்டர் திரையில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்கவேண்டியது 250-ஐத் தாண்டி ஏறுகிறதா? இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை போகும் கேபிள் மெல்லியதாகவோ மிக நீளமாகவோ இருந்தால் இப்படி ஆகும். தடித்த கேபிள் மாற்றினால் சரியாகும். மீட்டரிலேயே அவ்வளவு காட்டினால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள், டிரான்ஸ்பார்மரைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கத்திரி வெயிலில் எங்கள் சோலாரில் யூனிட் எகிறும் என்று நினைத்தோம். எதிர்பார்த்த அளவு வரவில்லையே?
– வாசகி, வேலூர்

பதில்: பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, பேனலுக்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். செல் 65 டிகிரிக்குப் போனால் 12 முதல் 16 சதவீதம் காலி. தளத்தை ஒட்டிப் படுக்கவைத்த பேனல் இன்னும் சூடாகும். அடியில் காற்றோட இடம் விடுங்கள். தூசியைக் காலையில் வெயில் ஏறுமுன் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவம் தங்கி வெளிச்சத்தை மறைக்கும்.