கிருபையினால் இரட்சிப்பு என்றால் நற்செயல்கள் எதற்கு?

கிருபை என்பது தகுதி பார்த்துத் தரப்படும் கூலி அல்ல. தகுதியற்றவருக்கும் கடவுள் தாமாக முன்வந்து காட்டும் தயவு. மனிதன் தன் பாவத்திலிருந்து தானே மீள முடியாததால், இயேசுவின் சிலுவை மரணத்தின் வழியாகக் கடவுளே மீட்பை, அதாவது இரட்சிப்பை, அருளுகிறார் என்பதும், அதை விசுவாசத்தினால் பெறுகிறோம் என்பதும் கிறிஸ்தவப் போதனை. பைபிளில் எபேசியர் நிருபம் 2:8-9 இதைச் சொல்கிறது. பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அடுத்த வசனமே நற்செயல்களுக்காக நாம் உருவாக்கப்பட்டோம் என்கிறது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், கிளைக் கணுக்களில் இறுகி நிற்கும் மொட்டுகள் மார்ச், ஏப்ரல் மாதக் கோடை மழை விழும்வரை விரிவதில்லை. விழுந்த சில நாட்களில் செடியே வெள்ளையாகப் பூத்துவிடும். கிருபையைப் போலவே அந்த மழையையும் எந்த உழைப்பாலும் வரவழைக்க முடியாது (தெளிப்பு நீர் வசதியுள்ள தோட்டங்களை இங்கே விட்டுவிடலாம்). அதன்பின் களையெடுப்பதும் உரமிடுவதும் மழைக்குச் செலுத்தும் விலை அல்ல, மழை பெய்ததால் பயனுள்ளதாகிவிட்ட வேலை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஒரு விசுவாசி எடை குறையாமல் நிறுப்பதும் அப்படித்தான். இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல, தீத்து 2:11-12 சொல்வதுபோல் கிருபையே அவருக்கு அந்த நடத்தையைக் கற்றுக்கொடுக்கிறது.

கிருபை இருப்பதால் பாவத்தில் தொடரலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தக் கேள்வியை ரோமர் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுலே எழுப்பி, கூடாது என்று மறுத்துவிடுகிறார்.