ஃபேசியாவை அழுத்தித் தேய்த்தால் இறுக்கம் பிரிந்துவிடுமா?

தசைகளைத் தேய்க்கும் நுரை உருளையால் (foam roller) அழுத்தித் தேய்த்தால் ஒட்டிக்கொண்ட ஃபேசியா பிரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரியாது. தசைகளையும் உறுப்புகளையும் உறைபோலப் போர்த்தியிருக்கும் இந்த இணைப்புத் திசுவின் வலிமை கொலாஜன் என்ற புரத நார்களில் இருக்கிறது. தொடையின் வெளிப்புற ஃபேசியா படலத்தை ஒரு சதவீதம் அமுக்கவே மனிதக் கையால் தர முடியாத விசை வேண்டும் என்று 2008இல் வெளியான ஒரு கணித மாதிரி ஆய்வு காட்டியது.

அப்படியானால் தேய்த்தபின் உடல் இலகுவாவது பொய்யா? இல்லை. ஃபேசியாவில் நரம்பு முனைகள் ஏராளம். வலியையும் இழுவையையும் நாம் உணரும் விதம் சற்று நேரம் மாறுகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம்.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. படலத்தின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர வேண்டும். இடையே ஹயலுரோனிக் அமிலம் மசகாக உதவுகிறது. ஆய்வாளர் ஹெலீன் லாங்கெவின் குழு 2011இல் அல்ட்ராசவுண்டு மூலம் அளந்தபோது, நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ளவர்களின் முதுகுப் படலத்தில் இந்த நகர்வு சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. அது வலிக்குக் காரணமா, வலியால் அசையாமல் இருந்ததன் விளைவா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. எப்படியானாலும், உருளை போன்ற கருவி வாங்குவதற்கு முன் நாள்தோறும் உடலைப் பல திசைகளில் அசைத்துப் பாருங்கள். வலி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.