37, 35, 22: கல்லூரி ஹோம் ரன்களை எப்படி எடைபோடுவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அட்லாண்டாவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மகள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கல்லூரி பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். 2024 சீசனில் ஜார்ஜியாவின் சார்லி காண்டன் 37 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். ஃபுளோரிடாவின் ஜாக் காக்லியோன் 35, வேக் ஃபாரஸ்டின் நிக் கர்ட்ஸ் 22. ஜூலையில் நடந்த டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) காண்டனை 3ஆவதாகவும், கர்ட்ஸை 4ஆவதாகவும், காக்லியோனை 6ஆவதாகவும் எடுத்தார்கள். 13 ஹோம் ரன் குறைவாக அடித்தவர் எப்படி முன்னால் போனார் என்று அன்றே குழம்பினேன். அடுத்த வருடமே கர்ட்ஸ் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் 36 அடித்துப் புதுமுக வீரர் விருதை வாங்கிவிட்டார். காக்லியோன் அங்கே .157 சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 157 ஹிட் என்ற கணக்கு) திணறினார். காண்டன் 2025 முழுக்க அதற்குக் கீழே இருக்கும் மைனர் லீகில்தான். அணிகளுக்காக வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்? மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன் எதைக் குறித்துக்கொண்டால் இது கொஞ்சமாவது பிடிபடும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கணக்கில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அந்த வருடம் கர்ட்ஸ் 54 ஆட்டங்களில் 78 வாக் (நான்கு கெட்ட பந்தை அடிக்காமல் விட்டால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். மூன்று ஸ்டிரைக் (அடிக்காமல் விட்ட நல்ல பந்து, அல்லது மட்டையை வீசியும் படாத பந்து) ஆகி ஸ்டிரைக் அவுட் ஆனது 42 முறை. பேட்டிங் சராசரி .306தான், ஆனால் பேஸை அடைந்த விகிதம் .531. மட்டையைத் தூக்கினால் பந்து காணாமல் போகும் என்று தெரிந்த பிட்சர்கள் அவருக்கு நல்ல பந்து போடவில்லை. அவரும் கெட்ட பந்தை அடிக்கப் போகவில்லை.

அப்படியானால் வாக் எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா? போதாது. காக்லியோன் 2024இல் 58 வாக் வாங்கி, 26 முறைதான் ஸ்டிரைக் அவுட் ஆனார். காகிதத்தில் கர்ட்ஸை விட அழகான விகிதம். முந்தைய வருடம் இதே காக்லியோன் 33 ஹோம் ரன் அடித்தபோது வாக் 17, ஸ்டிரைக் அவுட் 58. ஒரே வருடத்தில் இப்படித் தலைகீழாக மாறியதைப் பெரிய முன்னேற்றம் என்று பலர் கொண்டாடினார்கள். உண்மையான முன்னேற்றம் அதில் இருந்தது. ஆனால் அந்த 58இல் கணிசமானவை எதிரணி வேண்டுமென்றே கொடுத்தவை. அவற்றைக் கழித்துவிட்டுத்தான் ஹிட்டரின் பொறுமையை அளக்க வேண்டும்.

26 ஸ்டிரைக் அவுட்டுக்குப் பின்னால் இருந்ததுதான் முக்கியம். டிராஃப்டுக்கு முன் வந்த அறிக்கைகளில் அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த குறை ஒன்றுதான்: ஸ்டிரைக் ஸோனுக்கு (ஹிட்டருக்கு முன்னுள்ள பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதி) வெளியே போகும் பந்தைத் துரத்துகிறார். துரத்தினாலும் தொட்டுவிடுகிறார். ஆறடி ஐந்தங்குல உயரம், நீண்ட கை, அபாரமான கைத்திறன். கல்லூரிப் பிட்சர் போடும் ஸ்லைடர் (கடைசியில் பக்கவாட்டில் திரும்பும் பந்து) ஓரத்துக்கு வெளியே ஐந்தாறு அங்குலம் போனாலும் மட்டை எட்டிவிடும். உலோக மட்டை என்பதால் அரைகுறையாகப் பட்ட பந்தும் இன்ஃபீல்டைத் தாண்டி விழும். ஏட்டில் அது ஸ்டிரைக் அவுட் ஆகாது, ஹிட் ஆகும். தொழில்முறைப் பிட்சரின் ஸ்லைடர் இன்னும் வேகமாக வந்து, இன்னும் தாமதமாகத் திரும்பும். அதே ஸ்விங்குக்கு அங்கே கிடைப்பது வெறுங்காற்று, இல்லாவிட்டால் இரண்டாம் பேஸ்காரர் கைக்கு உருண்டு போகும் பந்து. ஆகவே ஸ்டிரைக் அவுட் குறைவு என்பதை மட்டும் வைத்து ஒரு கல்லூரி ஹிட்டரைப் பாதுகாப்பானவர் என்று சொல்லிவிடாதீர்கள். எதை அடித்தார் என்பதைவிட, எதை அடிக்கப் போனார் என்பதே டிராஃப்டுக்குப் பயன்படும் கேள்வி.

இதை அளக்க இரண்டு விகிதங்கள் போதும். முதலாவது, ஸோனுக்கு வெளியே வந்த பந்துகளில் எத்தனை சதவீதத்துக்கு மட்டையை வீசினார். மேஜர் லீக் சராசரி ஏறத்தாழ 28 சதவீதம். கல்லூரியிலேயே 30ஐத் தாண்டுகிறவரை இரண்டு முறை யோசித்துத்தான் எடுப்பேன், ஏனென்றால் மேலே போகப் போக இந்த எண் தானாகக் குறைவதில்லை. இரண்டாவது, ஸோனுக்குள் வந்த பந்துக்கு மட்டையை வீசியபோது எத்தனை சதவீதம் பட்டது. மேஜர் லீகில் இது 80க்குச் சற்று மேலே. கல்லூரியில் 75க்குக் கீழே என்றால் எவ்வளவு பலம் இருந்தாலும் முதல் சுற்றுப் பணம் கொடுப்பது சூதாட்டம். முதல் குறை பொறுமை சம்பந்தப்பட்டது, பயிற்சியில் ஓரளவு சரிசெய்யலாம். இரண்டாவது குறை கண்ணிலும் ஸ்விங்கின் பாதையிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்தவர்கள் குறைவு.

அடுத்து மட்டை. உலோக மட்டை என்றால் பந்து மரமட்டையை விட வெகுதூரம் பறக்கும் என்ற எண்ணம் பழையது. 2011 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பிபிகோர் விதிதான். மட்டையில் பட்டுப் பந்து துள்ளும் அளவை அது .50க்குள் கட்டிவைக்கிறது, ஏறக்குறைய மரத்தின் அளவுக்கே. நடுப்பகுதியில் சரியாகப் பட்ட பந்துக்குப் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு மற்ற இடங்களில். உலோக மட்டை உள்ளே குழாய். எடை கைப்பிடிப் பக்கம் அதிகம் இருப்பதால் சுழற்றுவது எளிது. நல்ல பலன் தரும் பகுதியும் அகலமானது. கைக்கு நெருக்கமாக உள்ளே வரும் ஃபாஸ்ட்பால் மரமட்டையில் பட்டால் மட்டை உடையும், பந்து உள்வட்டத்திலேயே மெதுவாக எழும்பி இறங்கும். அதே பந்து உலோகத்தில் பட்டால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் தலையைத் தாண்டி விழுந்து சிங்கிள் ஆகும். .400க்கு மேல் அடிக்கும் கல்லூரி ஹிட்டரின் சராசரியில் இப்படிப்பட்ட சிங்கிள்கள் எத்தனை என்று வீடியோவில் எண்ணிப் பார்த்தால் சில சமயம் முகம் வாடிவிடும்.

இதற்காகத்தான் கோடைகால மரமட்டை ஆட்டங்களுக்கு அவ்வளவு மதிப்பு. மாசசூசெட்ஸின் கேப் காட் லீக் 1985 முதல் மரமட்டையில்தான் ஆடுகிறது. நாட்டின் சிறந்த கல்லூரிப் பிட்சர்களும் அங்கே வருவார்கள். பத்து அணிகள், நெருக்கடியான அட்டவணை. அங்கே ஒருவர் .250 அடித்து ஏழெட்டு ஹோம் ரன் அடித்திருந்தால், அதைக் கல்லூரியில் அடித்த இருபதுக்குச் சமமாக வைப்பேன்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். நூறு ரூபாயின் மதிப்பு வருடத்துக்கு வருடம் மாறுவதுபோல ஹோம் ரன்னின் மதிப்பும் மாறும். 1985இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்காவிலியா 48 அடித்தார். இன்றுவரை கல்லூரிச் சாதனை அதுதான். அது கட்டுப்பாடில்லாத உலோக மட்டைக் காலம். 2011இல் பிபிகோர் வந்ததும் ஹோம் ரன் சரசரவெனக் குறைந்தது. 2015இல் பந்தின் தையலைத் தட்டையாக்கினார்கள், காற்றுத் தடை குறைந்து மறுபடி கூடியது. இடையில் அந்த வறண்ட காலத்தில், 2013இல், சான் டியகோ பல்கலைக்கழகத்தின் கிரிஸ் பிரையண்ட் 31 அடித்தார். என் கணக்கில் அந்த 31, காண்டனின் 37ஐ விடப் பெரியது. 2ஆவதாக டிராஃப்ட் ஆன பிரையண்ட் 2015இல் புதுமுக விருதும் 2016இல் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார்.

யாருக்கு எதிராக, எங்கே என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரி அணியின் தலைசிறந்த பிட்சர் வெள்ளிக்கிழமை வீசுவார். செவ்வாய், புதன் ஆட்டங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்தத் தரத்தில் இல்லாதவர்கள். எனவே வார நடுவில் அடித்த ஹோம் ரன்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தில் மணிக்கு 93 மைலுக்கு மேல் வந்த பந்தில் அடித்தவை எத்தனை? 95 மைல் பந்து பிட்சர் கையிலிருந்து பிளேட்டுக்கு வர 0.4 வினாடிதான் ஆகும்; அந்த வேகத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதே மேலே போனபின் அவர் வாழ்க்கை. மைதானமும் ஏமாற்றும். வேக் ஃபாரஸ்டின் மைதானமே ஹோம் ரன்னுக்குக் கைகொடுக்கும் என்று பெயர் பெற்றதுதான். கர்ட்ஸ் விஷயத்திலும் இந்தச் சந்தேகத்தை எழுப்பியே தீர வேண்டும். ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர்களில் காற்று மெலிந்திருப்பதால் 400 அடி போகும் பந்து சுமார் 20 அடி கூடுதலாகப் போகும். வேலியைத் தொட்டுக்கொண்டு தாண்டிய ஹோம் ரன்களெல்லாம் அங்கே சந்தேகத்துக்குரியவை.

மைதானமும் எதிரணியும் ஏமாற்ற முடியாத அளவு ஒன்று உண்டு: மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம். பெரிய கல்லூரி மைதானங்களில் டிராக்மேன் கருவி இதை ஒவ்வொரு பந்துக்கும் பதிகிறது. இதில் உச்ச வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடம் முழுக்க ஒரே ஒரு முறை எல்லாம் கூடிவந்தால் போதும், அந்த எண் வந்துவிடும். சராசரியும் சரியில்லை, மெதுவாக உருட்டியவையெல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுக்கும். பட்ட பந்துகளை வேக வரிசையில் அடுக்கி, மேலிருந்து பத்தில் ஒரு பங்கு முடியும் இடத்தில் நிற்கும் எண்ணை எடுங்கள். அது 105 மைலைத் தாண்டினால் உண்மையான பலம். 108 என்றால் அபூர்வம். ஆனால் அந்த வேகமான பந்துகள் தரையில் உருள்கின்றனவா, 20 முதல் 35 பாகை கோணத்தில் எழும்புகின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் பலத்துக்கு இரண்டு மதிப்பெண் தருவது இதனால்தான். பயிற்சியில் தெரியும் பலம் ஒன்று, ஆட்டத்தில் வெளிவரும் பலம் இன்னொன்று. முதலாவது 70, இரண்டாவது 45 என்று வாங்கிய ஹிட்டர்கள் ஏராளம்.

ஆரன் ஜட்ஜ் இதற்கு நேரெதிர் உதாரணம். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் மூன்று வருடத்தில் மொத்தம் 18 ஹோம் ரன். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். நியூயார்க் யாங்கீஸ் அணி 2013இல் அவரை 32ஆவது இடத்தில் எடுத்தது அந்த உடம்பிலும் பந்து கிளம்பும் வேகத்திலும் இருந்த நம்பிக்கையால். 2016இல் மேஜர் லீகுக்கு வந்து .179 அடித்தார், 84 முறை மட்டை பிடித்ததில் 42 ஸ்டிரைக் அவுட். 2017இல் 52 ஹோம் ரன். காக்லியோனின் .157ஐ வைத்து அவர் கதை முடிந்தது என்று எழுதிவிட வேண்டாம் என்பதற்கும் இதையே சொல்வேன். காண்டன் டிராஃப்ட் ஆன கோடையில் ஸ்போகேன் மைனர் லீக் அணியில் 25 ஆட்டங்களில் .180தான் அடித்தார், அடுத்த வசந்தத்தில் மணிக்கட்டில் எலும்பு முறிவு. மணிக்கட்டு அடிபட்ட ஹிட்டருக்குப் பலம் திரும்ப ஒரு முழு சீசன்கூடப் பிடிக்கலாம். அவருக்கும் அவகாசம் கொடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வயது: 21இல் அடித்த 20 ஹோம் ரன், 23இல் அடித்த 25ஐ விடப் பெரிது, ஏனென்றால் 23 வயதுக்காரர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை அடித்துக்கொண்டிருக்கிறார். இடம்: முதல் பேஸில் மட்டுமே ஆடக்கூடியவர், அதிலும் வலதுகைக்காரர், மட்டையால் மட்டுமே பிழைக்க வேண்டும். அதனால் தரவரிசையில் இறங்குவார். பின்னாளில் மேஜர் லீகின் நட்சத்திரமான பால் கோல்ட்ஷ்மிட் 2009இல் 8ஆவது சுற்றுவரை இறங்கினார். அந்தப் பாரபட்சம் சில சமயம் பெரும் தவறாகும் என்பதற்கு அவரே சாட்சி. பணம்: ஒவ்வோர் அணிக்கும் முதல் பத்துச் சுற்றுகளுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு, ஓரிடத்தில் மிச்சப்படுத்தி இன்னோரிடத்தில் கொடுப்பார்கள். 2024இல் முதலாவதாகப் போன டிராவிஸ் பஸானா 89.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார், மூன்றாவதாகப் போன காண்டனுக்கு 92.5 லட்சம். ஆகவே டிராஃப்ட் வரிசையை மட்டும் வைத்து ஓர் அணி யாரை எவ்வளவு மதித்தது என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பிளேட்டுக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரமான வரிசையில் இடம் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸோனின் உள்ளும் வெளியும் தெரியாது. சீக்கிரம் போய்ப் பேட்டிங் பயிற்சியைப் பாருங்கள், ஆனால் அதில் வேலிக்கு அப்பால் விழுவதை எண்ணாதீர்கள். கடைசிச் சுற்றில் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்க இடைவெளியிலும் தூக்க முடிகிறவருக்கு, வேகமான பந்துக்குத் தாமதமானாலும் பிழைக்க வழி இருக்கிறது.

ஆட்டம் தொடங்கியதும் நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: உள்ளே வீசினார், உள்ளே விட்டார், வெளியே வீசினார், வெளியே விட்டார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு. மட்டையில் படாவிட்டால் கோட்டின் மேல் ஒரு வட்டம். ஃபாஸ்ட்பாலுக்கும் மற்றவற்றுக்கும் வேறு வேறு நிற மை. இரண்டு ஸ்டிரைக் ஆனபிறகு வந்த பந்துகளை அடுத்த பக்கத்தில் தனியாகக் குறியுங்கள், அங்கேதான் துரத்தும் பழக்கம் வெளியே வரும். ஒரு வார இறுதியில் ஒரு ஹிட்டருக்கு ஐம்பது பந்துக்கு மேல் வராது. ஐம்பதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். மூன்று வார இறுதிகள் குறித்தால் நூற்றைம்பது. கைபேசியில் எடுத்த நாலைந்து ஸ்விங்கையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முன்கால் தரையைத் தொடும் நேரத்தில் கைகள் இன்னும் பின்னால் இருக்கின்றனவா, அல்லது காலோடு சேர்ந்து கிளம்பிவிட்டனவா என்பது மட்டும் தெரிந்தால் போதும். காலோடு கிளம்பிவிடுகிற கைகளுக்கு ஸ்லைடரைக் கண்டு நிறுத்த நேரம் இருக்காது. உங்கள் ‘வெளியே வீசினார்’ கட்டத்தில் இரண்டாம் நிற மை ஏன் அவ்வளவு இருக்கிறது என்பதற்குக் காரணம் அநேகமாக அங்கேயே கிடைத்துவிடும்.

அன்புடன்.