டர்போ ஆயில் பைப்பை வீட்டிலேயே மாற்றலாமா?

சொந்த லாரி வைத்து ஓட்டுபவர்கள் டர்போவுக்கு (எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஆயில் கொண்டுபோகும் பைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

நாலு மாசத்துக்கு முன்னால்தான் புது டர்போ போட்டேன். மறுபடியும் விசில் சத்தம், ஷாஃப்ட் ஆடுகிறது. டர்போ போலியா? (நாமக்கல்)

போலியாகவும் இருக்கலாம். ஆனால் டர்போ மாற்றியபோது ஆயில் வரும் பைப்பையும் மாற்றினீர்களா? பல பேர் "பைப் நல்லாத்தானே இருக்கு" என்று டீசலில் அலசிப் பழையதையே மாட்டிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வந்த வண்டியின் பைப் ஒன்றை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்த பைப், மேனிஃபோல்டை (இஞ்சினிலிருந்து சூடான எக்ஸாஸ்ட் புகை வெளியேறும் குழாய்) ஒட்டி வளையும் இடத்தில் உள்ளே கரி இறுகி, ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி விட்டிருந்தது. அந்தக் கரி நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை, டீசல் அதை என்ன செய்யும்?

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் போகும், அதுவும் பேரிங்கில் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி. ஆயில் சில நொடி நின்றாலே போதும், பேரிங் உரச ஆரம்பித்துவிடும். ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு இஞ்சினை ஆஃப் பண்ணினால் பைப்பில் நிற்கும் ஆயில் வெந்து கரியாகிறது, அதனால் 2, 3 நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள். அடுத்த டர்போ வாங்கும்போது பைப், காப்பர் வாஷர், கேஸ்கட், ஆயில், ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

வாஷர் பழசையே போட்டு, கசியாமல் இருக்க சிலிக்கான் பேஸ்ட் தடவலாமா?

வேண்டவே வேண்டாம். இறுக்கும்போது பிதுங்கி உள்ளே போகும் பேஸ்ட் ஒரு கடுகளவு பிய்ந்தாலும் பேரிங்குக்குப் போகும் ஓட்டையை அடைத்துவிடும். காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது, புதுசு போடுங்கள். பைப் முனையைப் பிடித்திருக்கும் பான்ஜோ போல்ட், ஆயில் ஓடுவதற்காக உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், கம்பி வைத்து நெம்பி இறுக்கினால் முறியும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பைப் மாற்றியதும் எப்படி ஸ்டார்ட் பண்ணுவது? வீட்டு வாசலில் வைத்தே செய்யலாமா? (சங்ககிரி)

செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால். இஞ்சின் முழுசாக ஆறட்டும். பேட்டரி கழற்றுங்கள். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே தலை நீட்டவேண்டும். பைப்பைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, திறந்த ஓட்டைகளை உடனே நூல் உதிராத சுத்தமான துணியால் மூடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. மேல் பைப்பை (ஆயில் வரும் பைப்) மாட்டுமுன் டர்போவின் ஆயில் ஓட்டையில் புது ஆயிலை ஊற்றி, காற்று இழுக்கும் பக்கத்து விசிறியை விரலால் சுற்றிக்கொண்டே இருங்கள், ஆயில் உள்ளே இறங்குவது தெரியும். பைப்பை மாட்டியதும் பேட்டரியை இணைத்து, டீசல் போகாமல் நிறுத்திவிட்டு (இதற்கான முறை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்) 10, 15 நொடியாக, இடைவெளி விட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் காட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யவேண்டும். சில நிமிடம் ஐட்லிங்தான், ஆக்சிலேட்டரில் கால் வைக்காதீர்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள், மேனிஃபோல்டு மேல் சொட்டினால் தீப்பிடிக்கும், உடனே நிறுத்துங்கள்.

மேல் பைப் புதுசு, ஆனாலும் நீலப் புகை வருகிறது, டர்போவில் ஆயில் வழிகிறது.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள். அதில் ஆயிலைத் தள்ள பிரஷர் கிடையாது, நுரை கலந்த ஆயில் தன் எடையால்தான் சம்ப்புக்கு (இஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. அதனால்தான் அது அவ்வளவு பருமன். எங்கேயாவது நசுங்கினாலோ, தொங்கி வளைந்தாலோ, கேஸ்கட் விலகி ஓட்டையை மறைத்தாலோ ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி இரண்டு பக்கமும் கசியும். அது சரியாக இருந்தால் இஞ்சின் பிரீதரை (இஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் வழி) சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இதே கோளாறுதான் வரும். இவை இரண்டையும் பார்க்காமல் டர்போவைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

வழியில் பைப் வெடித்தால் ரப்பர் ஹோஸ் போட்டு ஊர் வரலாமா?

கூடாது. பக்கத்தில் இருப்பது கொதிக்கும் எக்ஸாஸ்ட், ரப்பர் உருகினால் சூடான ஆயில் அதன் மேல் பீய்ச்சும். வெல்டிங் வைப்பதும் வேண்டாம், உள்ளே விழும் பொடி நேராகப் பேரிங்குக்குப் போகும். தூர லோடு போகிறவர்கள் ஒரு புது பைப்பும் நான்கு வாஷரும் வாங்கி, இரு முனையையும் பிளாஸ்டிக் பை கட்டி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.