சிகாகோ இயந்திரமும் பாலக்கோட்டுக் காயிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பின்பால் இயந்திரத்தைப் பற்றி, அதாவது சாய்ந்த மேசையில் எஃகுக் குண்டை உருட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டத்தைப் பற்றி, சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் பாலக்கோட்டில் மோட்டார்களுக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெங்களூரில் இடிக்கப்போகும் ஒரு பங்களாவில் அதேபோல் ஓர் இயந்திரம் கிடக்கிறது, வாங்கிக்கொள்கிறாயா என்று தெரிந்த தரகர் கேட்கிறார். படமும் அனுப்பினார். கண்ணாடியில் காட்லீப் என்று எழுதியிருக்கிறது. ஓடும் நிலையில் இல்லை.

பள்ளி நாட்களில் தர்மபுரி பஸ் நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு வீடியோ கேம் கடையில்தான் என் டியூஷன் பணத்தில் பாதி போனது. முஸ்தபா ஆட்டத்தை ஒரே டோக்கனில் முடிப்பவன் என்று எனக்குப் பெயர். அந்த ஆசைதான் இப்போதும் இழுக்கிறது. ஆனால் நண்பர் ஒருவர், "உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு டிவியும் கம்ப்யூட்டர் போர்டும் வை, ஆயிரம் ஆட்டம் ஆடலாம்" என்கிறார். வீட்டிலோ, "இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் நண்பர் சொல்கிறபடி செய்யலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

வாங்குங்கள். உள்ளே இருப்பதில் ஒரு கம்பியைக்கூடப் பிடுங்காதீர்கள்.

உங்கள் கேள்விகளுக்கு விடை இவ்வளவுதான். ஆனால் கேட்பவர் காயில் கட்டத் தெரிந்தவர் என்பதால் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். இந்த இயந்திரத்தை நம் பக்கத்தில் ஒருவர் மீண்டும் ஓடவைக்க முடியும் என்றால், உங்கள் தொழிலில் இருப்பவரால்தான் முடியும்.

முதலில் தரகர் அனுப்பிய படத்தில் புள்ளிகள் எப்படிக் காட்டப்படுகின்றன என்று பாருங்கள். எண் எழுதிய உருளைகள் சுழன்று நிற்கும் வகை என்றால் உள்ளே சிப் எதுவும் கிடையாது. முழுக்க ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்), காயில், ஸ்விட்ச். கால்குலேட்டரில் வருவதுபோல் ஒளிரும் இலக்கங்கள் என்றால் அது 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய மின்னணு வகை. அவற்றில் போர்டின் மேலேயே இருக்கும் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருப்பது வழக்கம். பழுதுபார்க்கும் முறையும் வேறு. உங்களுடையது உருளை வகை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், என்னுடையதும் அதுதான்.

காட்லீப் சிகாகோ நிறுவனம். 1931இல் அவர்கள் கொண்டுவந்த பேஃபிள் பால்தான் இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் கடைக்குக் கடை கொண்டுசேர்த்தது. அதில் ஃப்ளிப்பர், அதாவது பொத்தானை அழுத்தினால் குண்டை அடிக்கும் சிறு கை, இல்லை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு ஆணிகளுக்கிடையே உருண்டு ஏதாவது ஒரு குழியில் விழும். ஆடுபவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 1947இல் இதே நிறுவனம் ஹம்ப்டி டம்ப்டி என்ற இயந்திரத்தில் ஆறு ஃப்ளிப்பர்களை வைத்தது. விழப்போகும் குண்டைத் திருப்பி அடிக்கலாம் என்றானதும் ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது.

இனி உள்ளே வருவோம். பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு சிறிய மோட்டாரும் அதன் தண்டில் கேம் தட்டுகளும் (விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய தட்டுகள்) தெரியும். ஐம்பது புள்ளி தரும் இலக்கில் குண்டு பட்டவுடன் ஒரு ரிலே பிடித்துக்கொள்கிறது. மோட்டார் சுழல்கிறது. கேம் ஒரு தகட்டு ஸ்விட்சை ஐந்து முறை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் பத்துகள் இடத்து உருளை ஓர் எண் நகர்கிறது, மணி ஒருமுறை அடிக்கிறது. இயந்திரம் கூட்டல் போடுவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள், காதால் கேட்கிறீர்கள். புது ஆட்டம் தொடங்கும்போது உருளைகள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? ஒவ்வோர் உருளையிலும் பூஜ்யம் வந்தால் மட்டும் திறக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது திறக்கும் வரை மின்துடிப்பு போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. இயந்திரத்தை ஆட்டி ஏமாற்றுபவரைப் பிடிக்க ஒரு வளையத்துக்குள் ஊசற்குண்டு தொங்குகிறது. ஊசற்குண்டு வளையத்தைத் தொட்டால் ஆடிக்கொண்டிருக்கும் குண்டோ முழு ஆட்டமோ பறிபோகும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரை எத்தனையோ முறை திறந்து பார்த்திருப்பீர்கள். இது அதே குடும்பத்தைச் சேர்ந்தது, உறுப்பினர்கள்தான் அதிகம்.

நண்பர் சொல்வதை நான் இவ்வளவு உறுதியாக மறுப்பதற்குக் காரணம் இதுதான். இந்த இயந்திரத்தின் சிந்தனை முழுவதும் வெளியே தெரிகிறது. தெரிவதால்தான் ஐம்பது வருடத்துக்குப் பிறகும், செய்த ஊரிலிருந்து கடல்கள் கடந்து வந்த பிறகும், ஒரு மீட்டரும் பற்றவைக்கும் கோலும் வயரிங் படமும் இருந்தால் அதைச் சரிசெய்ய முடிகிறது. என் இயந்திரத்தின் ஃப்ளிப்பர் காயில் கிருஷ்ணகிரியிலேயே கட்டப்பட்டது. ஸ்பிரிங்குகள் ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் சுற்றியவை. கரையான் தின்ற அடிப்பலகையை எங்கள் தெருத் தச்சர் மாற்றிக்கொடுத்தார். அவர்களில் யாரும் அதற்கு முன் பின்பால் பார்த்தவர்கள் இல்லை. நண்பர் சொல்லும் போர்டு பழுதானால் அதைத் தூக்கிப்போட்டு வேறு வாங்குவதைத் தவிர வழியே கிடையாது. ஆயிரம் ஆட்டம் ஆட உங்கள் கைபேசி போதும். அதற்காக ஓர் அரிய இயந்திரத்தை வெறும் மரப்பெட்டியாக்க வேண்டுமா?

மின்சாரத்தில் கவனமாக இருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. ஏற்றுமதிக்குச் செய்தவற்றில் 230க்கான முனையும் இருப்பதுண்டு; தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிலும் நம் 50 ஹெர்ட்ஸை மறக்கக் கூடாது. 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட இரும்பு உள்ளகம் 50இல் அதே வோல்ட்டில் கூடுதலாகச் சூடாகும். 115ஐ ஆறில் ஐந்தாக்கினால் ஏறக்குறைய 96 வருகிறது. அந்த அளவு கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் நிம்மதியாக இருக்கும், ஆனால் ஃப்ளிப்பர் சோர்ந்துவிடும். உங்களுக்கு மட்டும் இதைவிட நல்ல வழி இருக்கிறது. முதன்மைச் சுற்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளியே காயில்களுக்கு ஒரு சுற்று, விளக்குகளுக்கு ஒரு சுற்று என்று புதிதாகவே கட்டிவிடுங்கள். காயில்களுக்கு 25 வோல்ட் அளவிலும் விளக்குகளுக்கு 6 வோல்ட் அளவிலும் இருக்கும்; பழையதில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கட்டுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மரை எறிய வேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள். கேம் மோட்டார் நம் மின்சாரத்தில் சற்று மெதுவாக ஓடும். வரிசை மாறாது, அதனால் கணக்கும் தவறாது.

பழைய அமெரிக்க இயந்திரங்கள் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது. நாணயக் கதவு, பக்கச் சட்டம், கால்கள் எல்லாம் உலோகம். குழந்தைகள் வெறுங்காலோடு நின்று ஆடுவார்கள். மூன்று முனை பிளக் போட்டு எல்லா உலோகத்தையும் எர்த்தில் சேர்த்த பிறகுதான் முதல் ஆட்டம். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் யாராவது கம்பித் துண்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஃப்ளிப்பர் காயில் உங்களுக்குப் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். ஒரே உருளையில் இரண்டு சுற்று: தடித்த கம்பியில் கொஞ்சம், மெல்லிய கம்பியில் நிறைய. பொத்தானை அழுத்தியதும் தடித்த சுற்றில் மட்டும் மின்சாரம் பாய்ந்து குண்டை அடிக்கிறது. ஃப்ளிப்பர் கை முழுதாக எழுந்த நொடியில் அதன் முடிவில் இருக்கும் ஸ்விட்ச் திறந்துகொள்ள, மெல்லிய சுற்றும் தொடரிணைப்பில் சேர்கிறது. மின்னோட்டம் தணிந்துவிடுவதால் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் காயில் கருகாது. அந்த ஸ்விட்ச் திறக்க மறுத்தால் மட்டும் கருகும். ஆகவே கருகிய காயிலைக் கண்டால் முதலில் ஸ்விட்சைச் சரிசெய்யுங்கள், பிறகு காயிலைக் கட்டுங்கள். பிரிக்கும்போது இரண்டு சுற்றையும் தனித்தனியாக எண்ணி, கேஜ் எண்ணோடு (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) குறித்துவைக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயிலைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகித லேபிளை மட்டும் கிழியாமல் எடுத்து மறுபடியும் ஒட்டுங்கள். அந்த எண்தான் அதன் பிறப்புச் சான்று.

பிறகு பொறுமை வேண்டிய வேலை: ஸ்விட்சுகள். ஓடாத இயந்திரத்தில் பெரும்பாலும் உடைந்தது எதுவும் இருக்காது. அழுக்கேறிய, வளைந்த தொடுபுள்ளிகள்தான் இருக்கும். வெள்ளிப் புள்ளிகளில் உப்புத்தாள் போடக் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்த தடித்த காகிதத்தை இடையில் வைத்து இழுத்தாலே போதும். ஃப்ளிப்பரின் டங்ஸ்டன் புள்ளிகளுக்கு நுண்ணிய அரம் வேண்டும். படிப்படியாக நகரும் பகுதிகளில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி எடுங்கள். எதுவும் சிக்கினால் டபிள்யூடி-40ஐப் பீய்ச்சுவது நம் எல்லோருக்கும் பழக்கம். தீப்பொறி பறக்கும் பெட்டிக்குள் அது வேண்டவே வேண்டாம். காயிலுக்குள் போய்வரும் தண்டு எண்ணெய் இல்லாமல் உலர்ந்தே இருக்க வேண்டும்.

எதைப் பார்த்து விலை பேசுவது? நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் முன்கண்ணாடியைப் பார்த்து. காயில், ஸ்பிரிங், மரம் எல்லாவற்றையும் நாம் செய்துவிடலாம். கண்ணாடியின் பின்புறம் திரை அச்சில் பதித்த ஓவியத்தை நம்மால் செய்ய முடியாது. விளக்கின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்த அந்த வண்ணம் செதிலாக உதிரும். பின்புறத்தை ஈரத் துணியால் யாரும் துடைக்க விடாதீர்கள். உதிர்வு குறைவாக இருந்தால் தரகர் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். என் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் சூடில்லாத எல்இடி போட்டிருக்கிறேன், ஆடுதளத்தில் பழைய பல்புகளே எரிகின்றன. வயரிங் படம் உள்ளே இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரிய தாளாக மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

உங்கள் தர்மபுரிக் கடையைப் படித்தபோது கிருஷ்ணகிரியில் 1990களின் தொடக்கத்தில் இருந்த ஒரு கடை நினைவுக்கு வந்தது. நான் உள்ளே போனதில்லை. பெண் பிள்ளைகள் போகிற இடமாக அது இல்லை. அண்ணன் போவான். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுக்க நின்றபடி, திரைச்சீலை விலகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் இயந்திரத்தைச் சுற்றித் தோள்கள் மட்டும் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கற்பனை செய்துகொள்வேன். பிறகு கம்ப்யூட்டர் வகுப்பில் விண்டோஸோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பாலை ஆசிரியர் வெளியே போன நேரங்களில் ஆடினேன். அந்த ஆட்டத்தின் மூலம் எது என்று தேடித்தான் இந்த இயந்திரத்திடம் வந்துசேர்ந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன்னறை திறந்திருக்கும். வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் எங்கள் தெருப் பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, குண்டை ஃப்ளிப்பரில் பிடித்து நிறுத்தி நிதானமாகக் குறிபார்த்து அடிக்கிறாள். பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பயன் என்ன என்று வீட்டில் கேட்பதில் தவறில்லை. இந்தக் கேள்வியை நியூயார்க் மாநகரமே கேட்டிருக்கிறது. சூதாட்டம், பிள்ளைகளின் காசு வீண் என்று சொல்லி 1942இல் தடைசெய்தார்கள். மேயர் லா கார்டியா புகைப்படக்காரர்கள் முன்னிலையில் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார். தடை நீங்கியது 1976இல். ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் எதிரில் ஆடிக்காட்டி, இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று நிறுவினார். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மின்காந்தம், தொடரிணைப்பு, மாறுதிசை மின்னோட்டம் எல்லாவற்றையும் இந்தப் பெட்டியைத் திறந்துவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயனைக் காட்டி அனுமதி வாங்கச் சொல்லமாட்டேன். கொண்டுவந்து ஓடவைத்து, முதல் ஆட்டத்தை அவர்களையே ஆடச் சொல்லுங்கள். ஆட்டம் நன்றாக இருப்பதே போதுமான பயன்.

ஏற்றிவரும்போது சில எச்சரிக்கைகள். குண்டை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். ஓசூர், ராயக்கோட்டை வழியில் வண்டி குலுங்கும்போது 80 கிராம் எஃகு உள்ளே உருண்டால் பிளாஸ்டிக் பாகம் ஒன்றும் மிஞ்சாது. அது துருப்பிடித்திருந்தால் ஆடுதளத்தைக் கீறும், திரும்பப் போடாதீர்கள். 1 1/16 அங்குலம் என்று கேட்டால் பேரிங் கடையில் புதிது கிடைக்கும். தலைப்பெட்டியின் பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் ஒட்டிப் படம் எடுங்கள். கண்ணாடியைத் தனியாகப் போர்த்தி, நிற்கவைத்தே கொண்டுவாருங்கள்.

வந்து இறங்கியதும் காயில் லேபிள்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். என் இயந்திரத்தில் பிரித்துக் கட்டியவற்றின் சுற்று எண்ணிக்கையும் கேஜும் நோட்டில் குறித்திருக்கிறேன். எண் ஒத்துவருபவற்றுக்கு அன்றே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா, கிருஷ்ணகிரி