காது சரியா கேக்காம வாழ்றது உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?

கேள்வியில "கேக்கற திறன் குறைஞ்சப்புறம் நீங்க எப்படி வளர்ந்தீங்க, அது உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு"ன்னு கேட்டிருக்கீங்க. உண்மையைச் சொல்லணும்னா காது கேக்காம போனது எனக்கு எதையும் கத்துக்குடுக்கல. அது எடுத்துக்கிட்டுதான் போச்சு. மழைச் சத்தம், பக்கத்து ரூம்ல இருந்து யாராவது கூப்பிடறது, இருட்டுல படுத்துக்கிட்டு பேசறது, இதெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு, அதுக்கு பதிலா எதுவும் வரல. ஆனா நான் மாறியிருக்கேன், அது நிஜம். மாத்தினது காது இல்ல, நான் ஒரு பழக்கத்தை விட்டதுதான். அந்தப் பழக்கத்தைப் பத்திதான் இந்த பதில் முழுக்க.

எனக்கு இப்ப 41 வயசு. 27 வயசு வாக்குல ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சுதுன்னு இப்ப சொல்றேன், அப்ப தெரியாது. மத்தவங்க எல்லாம் முணுமுணுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னுதான் நினைச்சேன், போன்ல சிக்னல் சரியில்லன்னு நினைச்சேன், மீட்டிங்ல மைக் சரியில்லன்னு நினைச்சேன். எல்லாருக்கும் கேக்குது எனக்கு மட்டும் கேக்கலன்னு ஒத்துக்க ஆறு வருஷம் ஆச்சு. 33 வயசுலதான் முதல் முறையா ஆடியோகிராம் எடுத்தேன்.

அந்த டெஸ்ட் எடுக்காதவங்களுக்காக சொல்றேன், சத்தம் உள்ள வராத ஒரு சின்ன ரூம்ல உக்கார வச்சு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சுருதியா மெல்ல மெல்ல விடுவாங்க, கேட்டா பட்டனை அமுக்கணும். நான் ரொம்ப நேரம் பட்டனை அமுக்கவே இல்ல, ஏதாவது கோளாறோன்னு கண்ணாடி வழியா வெளிய இருந்தவங்களைப் பார்த்தேன், அவங்க குனிஞ்சு குறிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்பதான் வயித்தைப் பிசைஞ்சுது. ரிசல்ட்டா வந்த கிராஃப்ல கோடு கீழ் சுருதி இருக்கற இடது ஓரத்துல கிட்டத்தட்ட சரியா இருந்து, மேல் சுருதி இருக்கற வலது ஓரத்துக்குப் போகப் போக சரசரன்னு இறங்கிருச்சு. டெசிபல்ங்கறது சத்தம் எவ்ளோ பெருசுங்கற அளவு. கீழ் சுருதி 25 டெசிபல்லயே கேக்குது, மேல 4000 ஹெர்ட்ஸ்ல 70 டெசிபல் வந்தாதான் கேக்குது.

டெஸ்ட் எடுத்த ஆடியோலஜிஸ்ட், அதாவது கேக்கற திறனைச் சோதிக்கற நிபுணர், ஒரு விஷயம் சொன்னாங்க, அதுல ஆறு வருஷக் குழப்பம் தீர்ந்துச்சு. பேச்சுல அ, ஆ, ஊ மாதிரி உயிரெழுத்து ஓசையெல்லாம் பெரும்பாலும் கீழ் சுருதியில இருக்கு, அதுலதான் பேச்சோட சத்தமே இருக்கு. ஸ, ஷ, ச, த மாதிரி மெய்யெழுத்து ஓசையெல்லாம் மேல் சுருதியில இருக்கு, அதுலதான் வார்த்தையோட உருவம் இருக்கு. அதனால எனக்கு ஒருத்தர் பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னுதான் புரியாது. "காது கேக்குதுல்ல, அப்புறம் என்ன"ன்னு எல்லாரும் கேட்டதுக்கு பதில் அந்தக் கோட்டுல இருந்துச்சு. உள்காதுல சுருள் மாதிரி இருக்கற காக்ளியாவுல சத்தத்தை உணர்ற மயிர் செல்கள்னு இருக்கு, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. மனுஷங்களுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. எனக்கு மேல் சுருதிக்கான பகுதிதான் முதல்ல போயிருக்கு. சின்னக் குழந்தைங்க குரல்ல மேல் சுருதி அதிகம்ங்கறதால, அப்ப மூணு வயசா இருந்த என் பொண்ணு பேசறதுதான் வீட்டுலயே எனக்கு கம்மியா புரிஞ்சுது. அன்னைக்கு நான் அழுதது அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல.

சரி, அந்தப் பழக்கம். தலையாட்டறது.

காது மந்தமா இருக்கறவங்க எல்லாருக்கும் இது தெரியும், சொல்ல மாட்டோம். ஒருத்தர் ஒண்ணு சொல்றார், புரியல, "என்ன?"ன்னு கேக்கறோம், திரும்ப சொல்றார், அப்பவும் புரியல, இன்னொரு தடவை கேட்டா அவர் முகம் எப்படி மாறும்னு தெரியும். அதனால சிரிச்சுட்டு "ம்ம்"னு தலையாட்டிருவோம். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சா அரை செகண்ட் தள்ளி நாமளும் சிரிப்போம். நான் இதுல அவ்ளோ தேறியிருந்தேன், எந்த இடத்துல "அப்படியா" போடணும், எந்த இடத்துல "அட"ன்னு சொல்லணும்னு ஆளோட முகத்தைப் பார்த்தே போட்டுருவேன், வருஷக்கணக்கா யாரும் கண்டுபிடிக்கல.

டெஸ்ட் எடுத்தப்புறமும் ஆஃபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல. ஹியரிங் எய்ட் வாங்கி வீட்டுல மட்டும் போட்டுக்கிட்டேன். "செவிடு"ங்கற வார்த்தையை நம்ம ஆளுங்க திட்டறதுக்குத்தானே அதிகம் பயன்படுத்தறாங்க, "கூப்பிடறது காதுல விழலையா, செவிடா நீ"ன்னு. சின்ன வயசுல இருந்து அதைக் கேட்டு வளர்ந்துட்டு, திடீர்னு அந்த வார்த்தைக்குள்ள நானே போய் நிக்கறது அவ்ளோ சுலபமா வரல.

அந்த நேரத்துல நடந்ததுதான் இது. ஆஃபீஸ்ல எனக்கு ஒரு நெருங்கின தோழி. மதிய நேரம், கேன்டீன்ல தட்டுச் சத்தமும் நாற்காலி இழுக்கற சத்தமும் காதைப் பொளக்குது. அவ குனிஞ்சுக்கிட்டே ஏதோ சொன்னா. எனக்கு "அம்மா", "ரிசல்ட்", "வந்துருச்சு" இந்த மூணும்தான் கேட்டுச்சு. நான் வழக்கம்போல சிரிச்சுக்கிட்டே "அப்பாடா, நல்லதாப் போச்சு"ன்னேன். அவ நிமிர்ந்து என்னையே பார்த்தா. ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டா. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அவளோட அம்மாவுக்கு பயாப்சி ரிசல்ட் வந்திருக்கு, கேன்சர்னு.

அன்னைக்கு சாயங்காலம் அவ கிளம்பறதுக்கு முன்னாடி போய் நின்னு சொன்னேன். எனக்கு காது சரியா கேக்காது, நாலஞ்சு வருஷத்துக்கு மேலயே கேக்காது, நீ சொன்னது எனக்கு விழவே இல்ல, நான் கேட்ட மாதிரி நடிச்சேன்னு. வீட்டாளுங்களைத் தவிர வெளிய நான் சொன்ன முதல் ஆள் அவதான். அவ கோபப்படல, ஆறுதலும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு என் முகத்துக்கு நேரா நின்னு "அப்ப இத்தனை நாளா நான் உன்கிட்ட சொன்னதுல எவ்ளோ உனக்குக் கேட்டுச்சு?"ன்னு கேட்டா.

எனக்கு பதில் சொல்லத் தெரியல. நான் அவளை ஏமாத்தறேன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல, என் குறையை மறைக்கறேன்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா அவ பக்கத்துல இருந்து பார்த்தா, அவ நம்பிச் சொன்ன எத்தனையோ விஷயத்தை நான் வாங்கிக்கவே இல்ல, வாங்கிக்கிட்ட மாதிரி முகம் மட்டும் காட்டியிருக்கேன். அந்த ராத்திரி முழுக்க இதையேதான் யோசிச்சுக்கிட்டு கிடந்தேன்.

இசையமைப்பாளர் பீத்தோவன் 1802ல தன்னோட சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், 31 வயசு அப்ப. அனுப்பவே இல்ல, 1827ல அவர் செத்தப்புறம்தான் கிடைச்சுது. சத்தமா பேசுங்க, எனக்கு காது கேக்காதுன்னு மனுஷங்ககிட்ட சொல்ல முடியலையே, அதனால எல்லாரும் என்னை முரடன், யாரோடயும் ஒட்டாதவன்னு நினைக்கறாங்களேன்னு அதுல எழுதியிருக்கார். படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அவ்ளோ பெரிய ஆளுக்கும் கஷ்டமா இருந்தது கேக்காதது மட்டும் இல்ல, அதைச் சொல்றதும்தான். என்னையும் திமிர் பிடிச்சவன்னு ஒரு கும்பல் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான்னு.

தமிழ்ல காதால கேக்கறதுக்கும் வாயால கேக்கறதுக்கும் ஒரே சொல்தான். எனக்கு முதல் கேக்கறது குறையக் குறைய ரெண்டாவது கேக்கறதையும் நானே விட்டுட்டேன். நான் வளர்ந்தேன்னு எதையாவது சொல்லணும்னா, அந்த ரெண்டாவதை திரும்பக் கொண்டுவந்ததைத்தான் சொல்லுவேன்.

அதுக்கும் ஒரு முறை இருக்கு, அது புரியவே வருஷமாச்சு. வெறுமனே "என்ன? என்ன?"ன்னு கேட்டா எதிர்ல இருக்கறவங்க அதே வாக்கியத்தை இன்னும் சத்தமா கத்துவாங்க, கத்தினா வாய் கோணும், ஓசை இன்னும் சிதையும். அதுவும் என் மாதிரி காதுக்கு மெல்லிய சத்தம் கேக்காது ஆனா பெரிய சத்தம் சட்டுனு வலிக்கற அளவுக்குப் போயிரும், நடுவுல இருக்கற இடைவெளி ரொம்ப குறுகல். அதனால இப்ப எனக்கு எவ்ளோ கேட்டுச்சோ அதைச் சொல்லிட்டு மிச்சத்தைக் கேப்பேன். "மூணு மணிக்குன்னு கேட்டுச்சு, எங்கன்னு கேக்கல." "யாரோ வர்றாங்கன்னு புரிஞ்சுது, யாரு?" இப்படிக் கேட்டா மக்கள் எரிச்சலே படறதில்ல, ஏன்னா நான் கவனிக்கறேன்னு அவங்களுக்குத் தெரியுது. அப்பவும் புரியலன்னா அதையே வேற வார்த்தையில சொல்லச் சொல்லுவேன். உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாமேன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது நினைக்கற அளவுக்கு உதவாது. பாடமா மாடமா, பணமா மணமா, பாலையா மாலையான்னு உதட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, ப-வும் ம-வும் உதட்டுல ஒண்ணேதான். க தொண்டைக்கிட்ட பிறக்கறதால உதட்டுல தெரியவே தெரியாது. மிச்சமெல்லாம் ஊகம்தான், நாள் முழுக்க ஊகிச்சு ஊகிச்சு சாயங்காலம் ஆனா மண்டை காய்ஞ்சு போயிரும். சும்மா உக்காந்துதானே இருந்தே, ஏன் இவ்ளோ அசதின்னு கேக்கறவங்களுக்கு இதுதான் காரணம்.

ஹியரிங் எய்டைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா மூக்குக்கண்ணாடி மாதிரி போட்ட உடனே எல்லாம் சரியாயிரும்னு ஒரு நினைப்பு இருக்கு. இல்ல. முதல் நாள் பேப்பர் மடிக்கற சத்தம் கூட காதுல அறையற மாதிரி இருந்துச்சு, என் குரல் எனக்கே பீப்பாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. மூளை பழக வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். அந்த நேரத்துல கழட்டி டிராயர்ல போட்டுடறவங்கதான் நிறைய. ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் தூரத்துல ஒருத்தர் பேசினா நல்லா உதவும், கூட்டத்துல சத்தத்தையும் சேர்த்துதான் தூக்கிக் குடுக்கும். ஆனா நான் அதை விடமாட்டேன், பொண்ணு குரல்ல இருக்கற ஸ-வை எனக்குத் திருப்பிக் குடுத்தது அதுதான்.

வீட்டுல ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தடை போட்டிருக்கேன். "ஒண்ணுமில்ல விடுங்க." ஏதோ பேசி சிரிப்பாங்க, நான் என்னன்னு கேப்பேன், "ஒண்ணுமில்ல விடுங்க, சின்ன விஷயம்"பாங்க. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா பெரிய விஷயத்தை எல்லாரும் எப்படியாவது எனக்குச் சொல்லிடறாங்க, சின்ன விஷயம்தான் எனக்கு வந்து சேரறதே இல்ல. ஒரு வீட்டுக்குள்ள சேர்ந்து வாழ்றதுங்கறதே அந்த சின்ன விஷயங்கள்தானே. இதை என் மனைவிகிட்ட உக்கார வச்சு சொன்ன அன்னைக்கு அவ ரொம்ப நேரம் பேசல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த வாக்கியம் எங்க வீட்டுல வரல, எவ்ளோ அற்பமான ஜோக்கா இருந்தாலும் லைட்டுக்கு நேரா வந்து நின்னு திரும்பச் சொல்லிட்டுதான் போவா.

2021ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில உலகத்துல 150 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவுல கேக்கற திறன் குறைஞ்சிருக்குன்னும், அதுல 43 கோடிப் பேருக்கு கட்டாயம் உதவி தேவைன்னும் சொல்லியிருந்தாங்க. படிக்கும்போது எனக்குத் தோணினது, இதுல எத்தனை கோடிப் பேர் இந்த நிமிஷம் யாரோ பேசறதுக்கு சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு இருப்பாங்கன்னுதான். அதுல ஒருத்தரா நீங்க இருந்தா முதல்ல போய் ஒரு ஆடியோகிராம் எடுங்க, என்னை மாதிரி ஆறு வருஷம் தள்ளிப் போடாதீங்க. இன்னொண்ணு, என்னை மாதிரி மெல்ல மெல்ல இல்லாம திடீர்னு ஒரே நாள்லயோ ரெண்டு மூணு நாளைக்குள்ளயோ ஒரு காது அடைச்சுக்கிட்ட மாதிரி போச்சுன்னா அழுக்குதான்னு காத்திருக்காதீங்க, அது அவசரம், அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சாதான் திரும்பக் கிடைக்கற வாய்ப்பு அதிகம்.

போன டெஸ்ட்ல வலது காது இன்னும் இறங்கியிருக்கு. பயம் போயிருச்சுன்னு சொன்னா அது பொய். அதனால நானும் பொண்ணும் சேர்ந்து சைகை மொழி கத்துக்க ஆரம்பிச்சிருக்கோம். சும்மா கை ஜாடைன்னு நினைச்சிருந்தேன், அப்படியில்ல, அதுக்கு முழு இலக்கணம் இருக்கு. வில்லியம் ஸ்டோக்கிங்கற ஆராய்ச்சியாளர் 1960ல அமெரிக்க சைகை மொழியை ஆராய்ஞ்சு அது ஒரு முழு மொழிதான்னு எழுதினப்புறம்தான் மொழியியல்காரங்களே மெல்ல ஒத்துக்க ஆரம்பிச்சாங்களாம். பொண்ணுக்கு இப்ப 11 வயசு, விரல் எப்படி வேணா வளையுது, என்னை விட பல மடங்கு வேகம். நேத்து ராத்திரி லைட்டை அணைக்கப் போனவ வாசல்ல நின்னு என்னமோ காட்டினா, எனக்கு முழுசா புரியல. பாதிதான் புரிஞ்சுது, நாளைக்கு ஏதோன்னு மட்டும் தெரிஞ்சுது, மிச்சத்தை மெதுவா இன்னொரு தடவை காட்டுன்னு கேட்டேன். லைட்டை அணைக்காம வந்து கட்டில்ல உக்காந்து முதல்ல இருந்து காட்டினா.