பத்து மூட்டை அரிசி இருக்கிறது, தண்ணீர்?

கேள்வி: சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். ஒரு வருஷமாக உலகப்போர் வரப்போகிறது, எல்லாம் முடங்கப்போகிறது என்று யூடியூபில் பார்த்துப் பார்த்து, சீட்டுப் பணத்தில் 25 கிலோ அரிசி மூட்டை பத்து, ஒரு டிரம்மில் 60 லிட்டர் டீசல், பெட்டி பெட்டியாக மெழுகுவர்த்தி என வாங்கி, குழந்தைகள் படுக்கிற ரூமில் அடுக்கிவிட்டார். வண்டு வராமலிருக்க யாரோ கொடுத்த மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் போட்டிருக்கிறார். எங்களிடம் ஜெனரேட்டர்கூட இல்லை. மாமியார் கேலி பேசுகிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டதா, இல்லை நான்தான் அசட்டையாக இருக்கிறேனா?

பதில்:

அம்மிணி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மாத்திரை. குடோன்களில் தானியத்துக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காற்றிலிருக்கிற ஈரம் பட்டாலே விஷவாயு கிளம்பும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இதைப் படித்ததும் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டுக் குழந்தைகளோடு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், மூட்டைக்குள் கை விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லி அவர்கள் கையால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 108ஐக் கூப்பிட்டு, இன்ன மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் தவறாமல் சொல்லுங்கள். அந்த அரிசியைச் சமைக்கலாமா என்பதையும் வந்தவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். சேர்த்து வைப்பது பித்து கிடையாது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னார்களே, 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்கள் பட்டபாடு கொஞ்சமில்லை, அந்தப் பயம் நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் தயாராகிற ஆபத்து வேறு, சோமனூருக்கு உண்மையில் வருகிற ஆபத்து வேறு. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரை அடைத்தார்களே, அப்போது மளிகைக்கடை திறந்துதான் இருந்தது, நின்றது தறி. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோதும் அதே கதைதான், கடையில் அரிசி இருந்தது, வாங்கத்தான் காசில்லை. அந்தக் காசைத்தான் இப்போது அவர் அரிசியாக மாற்றி அடுக்கி வைத்திருக்கிறார். மூன்று மாதச் செலவுக்கான பணம் பேங்கில் தனியாக இருந்தால் அது பத்து மூட்டை அரிசியைவிட மேல். அதில் கொஞ்சம் நூறும் ஐம்பதுமாக வீட்டில் இருக்கட்டும், கரண்டும் டவரும் போன நாளில் ஜிபே வேலை செய்யாது.

அடுத்தது தண்ணீர், இதை யூடியூப்காரன் சொல்லியிருக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கு நம் ஊர் தெரியாது. இங்கே போர்வெல் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது, மோட்டார் ஓடாமல் ஒரு சொட்டு மேலே வராது. கூட்டுக் குடிநீரும் மோட்டாரில் ஏறித்தான் ஊருக்கு வருகிறது. ஆக, கரண்ட் போனால் விளக்கு மட்டும் போகாது, தண்ணீரும் போகும். 2012இல் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வையுங்கள். ஐந்து பேர் என்றால் இரண்டு வாரத்துக்கு 280 லிட்டர், மூடி போட்ட இரண்டு டிரம்மில் அடங்கும். சம்ப் இருந்தால் அதன் மூடியைத் திறந்து வாளி விட்டு மொள்ள முடிகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மூடி மேல் துவைக்கிற கல்லைப் போட்டிருக்கிறார்கள்!

உணவுக்கு ஒரு மாதச் சரக்கு கூடுதலாக இருந்தால் போதும். மாதம் 30 கிலோ பொங்கினாலும் பத்து மூட்டை எட்டு மாதம் வரும், அதற்குள் வண்டு பாதியைத் தின்றுவிடும். பழசை முதலில் எடுத்துச் சமைத்து, புதுசைப் பின்னால் வையுங்கள். அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, ராகி, எண்ணெய், உப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம். இது இருந்தால் ஒரே குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் ஆகிவிடும், கேஸும் மிச்சம். ராகி வருஷக்கணக்கில் கெடாது, ஆனால் கம்பை மாவாக அரைத்து வைக்காதீர்கள், சில நாளிலேயே கசந்துவிடும். வண்டுக்கு வேப்பிலையும் வசம்பும் நன்றாகக் காயவைப்பதும் போதும், பருப்பைச் செம்மண் கட்டி வைக்கத் தெரிந்தவர் உங்கள் மாமியாராகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள், கேலி பேசுவதையாவது நிறுத்துவார். அவருக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரை இருந்தால் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

மெழுகுவர்த்தி குழந்தைகள் இருக்கிற வீட்டில் வம்பு. சார்ஜ் லைட் இரண்டு வாங்குங்கள்.

அவரிடம் எப்படிப் பேசுவது? வீடியோவைப் பற்றி வாதாடாதீர்கள், அதில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிறார்களே, அடுத்த முறை அந்த நாளுக்கு முந்தின ராத்திரி மேல் தொட்டியை நிரப்பாமல் விடுங்கள். அன்றைக்கு வீட்டில் எது முதலில் தீர்கிறது என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து எதை வாங்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். டீசலை மட்டும் அதுவரை வைத்திருக்க வேண்டாம், தீயணைப்புக்காரர்கள் மாத்திரையை அப்புறப்படுத்தியதுமே ரூமைவிட்டு வெளியேற்றி, பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் வைத்திருக்கிறவருக்கு விலைக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தப் பணத்திலேயே தண்ணீர் டிரம் இரண்டும் வந்துவிடும்.